13 வயது முழங்கால்: விளையாட்டை நிறுத்துவதா, தொடர்வதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. மகனுக்குப் பதின்மூன்றரை வயது. ஒரு வருடத்துக்குள் மளமளவென்று வளர்ந்து, சப்பாத்து இரண்டு அளவு கூடிவிட்டது. பாடசாலைக் கரப்பந்தாட்ட அணியில் இருக்கிறான். பின்னேரங்களில் உப்புவெளிக் கடற்கரையில் பெடியன்களோடு உதைபந்தும் விளையாடுகிறான். நான்கு மாதமாக இடது முழங்காலுக்குக் கீழே நோவு, தொட்டால் ஒரு மொழி மாதிரி, எலும்பு புடைத்து நிற்பதுபோலத் தட்டுப்படுகிறது. முன்பு லாவகமாகப் பந்து அடித்தவன் இப்போது தடுமாறுகிறான், சேர்விஸ் வலையில் போய் விழுகிறது. அம்மம்மா ‘வளர்ற நோவு’ என்கிறார், பயிற்றுவிக்கும் சேர் ‘கவனம் இல்லை’ என்கிறார், ஒரு வைத்தியர் ஆறு மாதம் விளையாட்டையே நிறுத்தச் சொல்லியிருக்கிறார். தசைநாண் அறுந்துவிடுமா, விளையாட்டை விட்டுவிடச் சொல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், வலைப்பந்தாட்டம் தொடங்கியிருக்கும் பதினொரு வயது மகளுக்கும் இது வருமா என்று ஒரு வரி.

வெளியே தெரிவது முழங்காலைப் பற்றிய கேள்வி. அதற்குள் இன்னொன்று இருக்கிறது: வளர்ந்துகொண்டிருக்கும் உடம்பை விளையாட்டு கட்டி எழுப்புகிறதா, தேய்த்து முடிக்கிறதா? உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன். அது விளங்கிவிட்டால், அம்மம்மா, சேர், வைத்தியர் மூவரும் சொல்வதில் எதை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று நீங்களே தீர்மானிக்கலாம். நான் திருகோணமலையில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பகுதி பாடசாலை விளையாட்டுப் பிள்ளைகள்தான். ஆனாலும் உங்கள் மகனின் காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை. எழுத்தை வைத்து ‘பெரும்பாலும் இது’ என்று சொல்லலாம், ‘இதுவேதான்’ என்று சொல்ல முடியாது. அதை மனதில் வைத்து மேலே வாசியுங்கள்.

முதலில் நோவு. இந்த வயதில், முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு மூன்று விரல் தள்ளி, கீழ்க்கால் எலும்பின் முன்பக்கம் மொழி மாதிரி எழும்பியிருந்து, அதை அமத்தினால் நொந்து, பாயும்போதும் குந்தி எழும்பும்போதும் முழங்காலில் நிற்கும்போதும் நோவு கூடினால், அது பெரும்பாலும் ஒஸ்குட்-ஷ்லாட்டர் என்ற நிலை. அமெரிக்கரான ஒஸ்குட்டும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஷ்லாட்டரும் 1903இல் தனித்தனியாக அதை விவரித்தார்கள். தொடையின் முன்பக்கத் தசை முழுவதும் சேர்ந்து முழங்கால் சில்லைப் பிடிக்கிறது. சில்லிலிருந்து ஒரு தடித்த நாண் இறங்கி அந்த மொழியில் போய் ஒட்டுகிறது. பெரியவர்களுக்கு அந்த இடம் முழு எலும்பு. வளரும் பிள்ளைக்கு அங்கே இன்னும் வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கிறது. இழுத்து இழுத்து வேலை வாங்கும்போது நாணுக்கு முன்னால் சோர்ந்துபோவது அந்தக் குருத்தெலும்புதான். ஆகவே நாண் அறுந்துவிடுமா என்ற உங்கள் பயத்துக்கு நேரடியான பதில்: 13 வயதில் இந்த நோவினால் நாண் அறுவது மிக மிக அரிது. நோவது நாண் ஒட்டியிருக்கும் இடம்.

இதே கதை உடம்பில் வேறு இடங்களிலும் நடக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகள் குதிக்கால் நோவோடு வருவார்கள், குறிப்பாக அடிப்பகுதி தட்டையான உதைபந்தாட்டப் பூட்ஸ் போடத் தொடங்கியதும். அங்கே நோவது குதிக்கால் எலும்பின் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி. 14 முதல் 17 வயது வரை, வேக ஓட்டக்காரர்களுக்கு இடுப்பெலும்பில் தசை ஒட்டும் இடத்திலிருந்து ஒரு துண்டு எலும்பே பிய்ந்து வரலாம். ‘டப்’ என்று ஒரு சத்தம், அதோடு பிள்ளை ஓட்டப் பாதையிலேயே இருந்துவிடும். 16, 17 வயதளவில் முழங்காலுக்குக் கீழே உள்ள வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு, அதே விளையாட்டு, அதே பாய்ச்சல், ஆனால் நோகும் இடம் மேலே ஏறி, சில்லின் நுனிக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். அப்போதுதான் அது உண்மையான நாண் நோவு. ஆகவே பிள்ளையிடம் ‘முழங்கால் நோகுதா’ என்று கேட்டு நிற்காமல், ஒரு விரலால் சரியாக எங்கே என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். வயதும் அந்த ஒரு விரலும் பாதி விடயத்தைச் சொல்லிவிடும்.

அம்மம்மா சொல்லும் ‘வளர்ற நோவு’ வேறு. அது பெரும்பாலும் மூன்று முதல் பன்னிரண்டு வயதுக்குள் வரும், இரண்டு காலிலும் வரும், இரவில் வந்து காலையில் காணாமல் போகும், நொண்ட வைக்காது. நல்லெண்ணெய் தேய்த்துவிட்டால் பிள்ளை தூங்கிவிடும். உங்கள் மகனுக்கு இருப்பது ஒரு காலில், ஒரே புள்ளியில், விளையாட்டோடு கூடிக் குறைவது. அதை வளர்ற நோவு என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. ஆனால் அதற்குக் காரணம் வளர்ச்சி என்று அம்மம்மா நினைப்பதில் பிழை இல்லை.

இப்போது நாண். இந்தப் பகுதிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் குறைவாகத் தெரிந்ததும் இதுதான். தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் வெறும் நார் என்று பலர் நினைக்கிறார்கள். அது உயிருள்ள இழையம். பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். சுமை வந்தால் அதன் விறைப்பு, அதாவது இழுத்தால் எளிதில் நீளாத தன்மை, கூடும்; சுமை இல்லாவிட்டால் தளரும். ஓடும்போது குதிக்காலுக்குப் பின்னால் இருக்கும் அக்கிலீஸ் நாண் தாங்கும் விசை உடல் எடையின் ஆறு மடங்கைத் தாண்டிப் போகும். இப்படி உழைக்கும் இழையம் எப்போது கட்டப்படுகிறது என்று டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் ஒரு குழு தேடியது. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வானத்தில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் மிகவும் கூடியது, பிறகு வருடாவருடம் குறைந்துவந்தது. உணவு வழியாக அது எல்லோர் உடம்பிலும் சேர்ந்தது. ஓர் இழையம் எந்த வருடம் உருவானதோ அந்த வருடத்து அளவு அதில் பதிந்திருக்கும். வெவ்வேறு வருடங்களில் பிறந்தவர்களின் அக்கிலீஸ் நாணை எடுத்து அளந்தபோது, நாணின் நடுப்பகுதியில் இருந்தது அவர்களின் முதல் 17 வருடத்துக் கார்பன் என்று தெரிந்தது. அவர்களுடைய தசை மட்டும் பின்னரும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வந்திருந்தது. 2013இல் வெளியான ஆய்வு இது.

இதை நான் எப்படி எடுத்துக்கொள்கிறேன் என்றால், உங்கள் மகன் ஐம்பது வயதில் எந்த நாணோடு நடக்கப்போகிறானோ அதன் உட்பகுதி இப்போதுதான் கட்டப்படுகிறது. பெரியவர்களான பிறகும் பயிற்சியால் நாணின் விறைப்பு கூடும் என்பது உறுதி. வெளிப்புறத்தில் மாற்றம் நடக்கும். ஆனால் உள்ளே போடப்படும் அடித்தளம் வளரும் வயதுக்குரியது. எலும்பிலும் இதே நிலைதான். வளர்ந்தவர்களின் எலும்பில் இருக்கும் தாதுப்பொருளில் ஏறத்தாழ கால்வாசி, உச்ச வளர்ச்சியை, அதாவது உயரம் மிக வேகமாகக் கூடும் காலத்தை, சுற்றிய இரண்டு வருடங்களில் சேர்கிறது. அதனால்தான் ‘ஆறு மாதம் ஒன்றும் செய்யாதே’ என்பதை நான் விரும்புவதில்லை. இந்த இழையங்கள் சுமையைக் கேட்கும் காலம் இது. நோகும் இடம் கேட்பது குறைந்த பாய்ச்சலை. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். பருவ வயதில் ஹோர்மோன் காரணமாகத் தசையின் பலம் வேகமாக ஏறுகிறது. நாண் அதே வேகத்தில் விறைப்பதில்லை. தசை எந்தப் பயிற்சிக்கும் இசைந்து வளரும். பாய்ந்தாலும் வளரும், ஓடினாலும் வளரும். நாண் அப்படியல்ல. கனமான சுமை, ஒவ்வொரு முறையும் சில வினாடி நீடித்துப் பிடிக்கும் சுமை, அதற்குத்தான் அது நன்றாக விடையளிக்கிறது. பாய்ச்சலில் காலில் சுமை வருவது ஒரு கணம்தான். பெர்லினில் பதின்ம வயதுக் கரப்பந்தாட்டக்காரர்களைத் தொடர்ந்து அளந்த ஆய்வாளர்கள், தசை பலத்துக்கு ஈடாக நாண் விறைக்காததால், முழுப் பலத்தில் இழுக்கும்போது அவர்களில் பலரின் நாண் அளவுக்கு மீறி நீள்வதைக் கண்டார்கள். இதுவரை உறுதி. அந்த அதிக நீட்சிதான் பின்னாளில் வரும் நாண் நோவுக்குக் காரணம் என்பது நியாயமான ஊகம், ஆதரவான தகவல்களும் உண்டு, ஆனால் முடிந்த முடிவாகச் சொல்ல நான் தயாரில்லை. அதுபோலவே, ‘எலும்பு முதலில் நீள்கிறது, தசை பின்தங்கி இறுகிப்போகிறது, அதனால்தான் நோவு’ என்று நாம் எல்லோரும் சொல்லிவரும் விளக்கமும். ஒஸ்குட்-ஷ்லாட்டர் பிள்ளைகளில் தொடைத் தசை இறுக்கமாக இருப்பதைப் பார்க்கிறோம். ஆனால் வளர்ச்சி வேகத்தோடு எல்லாப் பிள்ளைகளுக்கும் இறுக்கம் கூடுகிறதா என்று அளந்தவர்கள் ஒரே பதிலுக்கு வரவில்லை. தசையை இழுத்து நீட்டும் பயிற்சி செய்யட்டும், கெடுதல் இல்லை. அது மட்டுமே மருந்து என்று இருக்க வேண்டாம்.

ஸ்கேன் எடுக்கச் சொல்லி யாராவது சொன்னால் இதையும் தெரிந்துவைத்திருங்கள். அவுஸ்திரேலியாவில் 14 முதல் 18 வயது வரையான கூடைப்பந்தாட்ட வீரர்களை 2000ஆம் ஆண்டளவில் ஆராய்ந்தபோது, முழங்கால் நாண்களில் 26 வீதத்தில் ஸ்கேனில் மாற்றம் தெரிந்தது. பரிசோதனையில் நோவுள்ள நாண் என்று கண்டது 7 வீதம் மட்டுமே. ஸ்கேனில் ஏதோ தெரிகிறது என்பதற்காகப் பிள்ளையை நோயாளி ஆக்கிவிடக் கூடாது. நாணுக்குள் ஸ்டீரொயிட் ஊசி போடுவதற்கு இந்த வயதில் சம்மதிக்காதீர்கள்.

இனி தடுமாற்றம். சேர் ‘கவனம் இல்லை’ என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் இந்த இடத்தில்தான் பல நல்ல பிள்ளைகள் அணியை விட்டுப் போகிறார்கள். வளர்ச்சி உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. பாதமும் கையும் முந்தும், பிறகு கால், கடைசியில்தான் உடற்பகுதி. சப்பாத்து அளவு கூடுவது அந்த வரிசையின் முதல் அடையாளம். உச்ச வளர்ச்சி பையன்களுக்குச் சராசரியாகப் பதின்மூன்றரை, பதினான்கு வயதில் வரும். அந்த வருடத்தில் 9, 10 சென்ரிமீற்றர் வளர்வது வழமை. கால் 10 வீதம் நீண்டால் அதை வீசி ஆட்டுவதற்குத் தேவையான முயற்சியும் 10 வீதம்தான் கூடும் என்று தோன்றும். பௌதிகம் அப்படிச் சொல்லவில்லை. பருமன் மாறாமல் நீளம் மட்டும் 10 வீதம் கூடினாலே, காலைச் சுழற்றுவதற்கு எதிரான தடை 33 வீதம் கூடிவிடும். பருமனும் அதே அளவு கூடினால் 60 வீதத்தையும் தாண்டும். வருடக்கணக்காகப் பழகிய துடுப்பை வாங்கிக்கொண்டு ஒரு முழம் நீளமான, கனமான துடுப்பைக் கொடுத்துவிட்டு, முதல் பந்திலேயே நான்கு ஓட்டம் கேட்பது போன்றது அது. கண்ணும் மூளையும் முன்பு போலத்தான் வேலை செய்கின்றன, கணக்குத்தான் மாறிவிட்டது. அதோடு, நாண் இன்னும் தளர்வாக இருப்பதால் தசை இழுத்த விசை எலும்பைப் போய்ச் சேரச் சற்று நேரம் கூடப் பிடிக்கிறது. வலைக்கு மேலே நேரம் தவறுவதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

இதில் எது உறுதி, எது சந்தேகம்? கைகால் நீண்டால் கட்டுப்பாட்டுக் கணக்கு மாற வேண்டும் என்பது உறுதி. எல்லாப் பிள்ளைகளும் இந்த வயதில் தடுமாறுவார்கள் என்பது உறுதி இல்லை. பெல்ஜியத்தில் இளம் உதைபந்தாட்டக்காரர்களைப் பல வருடம் தொடர்ந்து அளந்து 2006இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான திறன்கள் உச்ச வளர்ச்சியோடு சேர்ந்து வேகமாக முன்னேறின. 30 மீற்றர் ஓட்டம் போன்ற ஓரிரண்டுதான் அதற்கு ஏறத்தாழ ஒரு வருடம் முன்பு சற்றுப் பின்வாங்கின. சமநிலையை அளந்த சில ஆய்வுகளில், 14, 15 வயதினர் தங்கள் மூட்டுகள் தரும் தகவலைவிடக் கண்ணையே கூடுதலாக நம்புவதாகத் தெரிந்தது. வேறு சில ஆய்வுகளில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஆகவே சிலருக்கு வரும், சிலருக்கு வராது, வந்தாலும் மாதக்கணக்கில் சரியாகிவிடும் என்பதுதான் நேர்மையான பதில். ஒன்றை மட்டும் சேரிடம் தயங்காமல் சொல்லுங்கள்: இந்தக் காலத்தில் ஒரு பிள்ளையின் திறமையை மதிப்பிட்டு அணியிலிருந்து எடுப்பது அநியாயம். 14 வயதுக்குட்பட்ட ஒரே அணியில் நிற்கும் இரண்டு பையன்களுக்கு உடல் முதிர்ச்சியில் மூன்று நான்கு வருட வித்தியாசம் இருக்கலாம். மீசை முளைத்தவனோடு இவனை ஒப்பிட்டால் கணக்கு எப்படிச் சரிவரும்?

சரி, ஏன் இந்த நான்கு மாதமாக நோகிறது? வளர்ச்சி பாதிக் காரணம். மீதிப் பாதியை எங்கள் ஊர்க் காலநிலையிலும் பாடசாலை நாட்காட்டியிலும் தேட வேண்டும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடை மழை. மைதானம் எல்லாம் சேறு, கடலும் கொந்தளிப்பு, பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள். மழை விட்டதும் தை, மாசியில் இல்ல மெய்வல்லுநர் போட்டி, அதன் பின்னால் வலய மட்டம், மாகாண மட்டம். ஒன்றரை, இரண்டு மாதம் சும்மா இருந்த கால் ஒரே கிழமையில் காலையும் மாலையும் ஓடுகிறது. நீளம் பாய்தல், உயரம் பாய்தல், அஞ்சல் ஓட்டம் எல்லாவற்றுக்கும் இல்லத்தில் அதே நான்கு பிள்ளைகளைத்தான் போடுவார்கள். என்னிடம் முழங்காலும் குதிக்காலும் குவிவது ஒவ்வொரு வருடமும் அந்தக் காலத்தில்தான். உங்கள் மகனுக்கு இதற்கு மேல் கரப்பந்து, அதற்கு மேல் கடற்கரையில் உதைபந்து. சேருக்குக் கரப்பந்துப் பயிற்சி மட்டும் தெரியும், கடற்கரை தெரியாது. ஒரு கிழமை மகனோடு இருந்து, எந்த நாள் எவ்வளவு நேரம், ஏறத்தாழ எத்தனை பாய்ச்சல் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெரும்பாலும் அந்தப் பக்கமே காரணத்தைக் காட்டிவிடும். இளம் விளையாட்டு வீரர்களை ஆராய்ந்தவர்கள் சொல்லும் ஒரு எல்லை நடைமுறைக்கு வசதியானது: கிழமைக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி என்பது பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. உங்கள் மகனுக்கு 13 மணி நேரம். அது மேல் எல்லை, இலக்கு இல்லை.

கடற்கரை மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணலில் ஓடினால் முழங்காலுக்கு நல்லது என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். விழும் அதிர்ச்சி குறையும், உண்மை. ஆனால் இளகிய மணலில் குதிக்கால் புதைந்து கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் வேலை கூடும். கரை சரிவாக இருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். ஈரமான, இறுகிய, சமமான மணலில் விளையாடினால் போதும்.

செய்ய வேண்டியதற்கு வருகிறேன். வைத்தியர் சொன்னதில் பாதி சரி: சுமையைக் குறைக்கத்தான் வேண்டும். டென்மார்க்கில் 10 முதல் 14 வயது வரையான, இதே நோவுள்ள 51 பிள்ளைகளுக்கு, பாய்ச்சலையும் ஓட்டத்தையும் தற்காலிகமாகக் குறைத்து, தொடைத் தசைக்குப் படிப்படியான பயிற்சி கொடுத்து 2020இல் வெளியிட்டார்கள். 12 கிழமையில் 80 வீதமானோர் நன்றாகத் தேறியதாகச் சொன்னார்கள். ஆனால் அப்போது முழுமையாக விளையாட்டுக்குத் திரும்பியிருந்தவர்கள் 16 வீதம்தான்; ஒரு வருட முடிவில் 69 வீதம். அந்த ஆய்வில் பயிற்சி செய்யாத ஒரு குழுவை வைத்து ஒப்பிடவில்லை, ஆகவே எவ்வளவு பயிற்சியால், எவ்வளவு தானாக என்று பிரிக்க முடியாது. ஆனாலும் இரண்டு விடயம் தெளிவு. பொறுமை வேண்டும், இது மூன்று கிழமைக் கதை இல்லை. அடுத்தது, கட்டிலில் படுக்க வைக்காமலே தேற்றலாம்.

நான் வழமையாகச் சொல்லும் முறை இது. முதல் நான்கு கிழமை பாய்ச்சல், வேக ஓட்டம், பந்தை உதைத்தல் மூன்றும் வேண்டாம். சைக்கிள் ஓடலாம், நீந்தலாம், நின்ற இடத்தில் பந்து ஏந்தலாம், சேர்விஸ் பழகலாம். பயிற்சிக்கு அவன் போகட்டும்; அணியோடு இருப்பது முக்கியம். வீட்டில் சுவரில் முதுகைச் சாய்த்து, நோகாத அளவுக்கு முழங்காலை மடித்து, 30, 40 வினாடி அசையாமல் பிடிக்க வேண்டும். நான்கைந்து முறை, நாள் விட்டு நாள். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கிப் பிடிக்கும் பயிற்சியும் அதோடு. அதன் பிறகு, பாதி மடிந்து மெதுவாக எழும்புவது, ஒரு காலை முன்வைத்து இறங்குவது, படியில் நின்று ஒற்றைக் காலில் குதிக்காலை உயர்த்தி மெதுவாக இறக்குவது. இலகுவானதும் பாடசாலைப் பையில் புத்தகம் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளட்டும். மேலே சொன்ன மாதிரி, நாணுக்கு வேண்டியது மெதுவும் கனமும். பாரம் தூக்கினால் பிள்ளை வளராது என்ற பயம் வேண்டாம். சரியாகக் கற்பித்து மேற்பார்வையோடு செய்யும் பலப் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை, இது உறுதியாகத் தெரிந்த விடயம். நோவை பத்துக்கு எத்தனை என்று அவனிடமே கேளுங்கள். செய்யும்போது மூன்றுக்குள் இருந்து, அடுத்த நாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். காலையில் கூடியிருந்தால் முதல் நாள் செய்தது கூடிவிட்டது. பாய்ச்சலைத் திரும்பக் கொண்டுவரும்போது ஒரு நாள் பத்து இருபது என்று தொடங்கி, இடையில் ஒரு நாள் விட்டு, கிழமைக்குக் கிழமை கூட்டுங்கள். மொழி வாழ்நாள் முழுவதும் மொழியாகவே இருக்கலாம், அதனால் கெடுதல் இல்லை.

சுவரில் பென்சிலால் உயரத்தைக் குறியுங்கள். காலையில், வெறுங்காலோடு, எப்போதும் அதே நேரத்தில். மாலையில் அளந்தால் ஒரு சென்ரிமீற்றர் வரை குறையும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். மாதத்துக்கு 0.6 சென்ரிமீற்றருக்கு மேல் வளரும் காலத்தில் காயங்கள் கூடுவதாக நெதர்லாந்தில் இளம் உதைபந்தாட்டக்காரர்களில் கண்டிருக்கிறார்கள். அந்தக் காலங்களில் பாய்ச்சலை முன்கூட்டியே குறைத்தால் நல்லது. சாப்பாட்டில் நெத்தலியை முள்ளோடு சாப்பிடட்டும், நித்திரை ஒன்பது மணி நேரமாவது வேண்டும்.

சில அடையாளங்கள் இருந்தால் நான் எழுதியதை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விளையாடாத நாளிலும் இரவில் ஒரே காலில் நோவு வந்து பிள்ளையை எழுப்புவது. காய்ச்சல், எடை குறைவு. மூட்டு வீங்கிச் சூடாக இருப்பது. தொண்டை நோவுக்குப் பிறகு ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்கு நோவு தாவுவது, இது வாதக் காய்ச்சலாக இருக்கலாம், எங்கள் நாட்டில் அதை மறக்கக் கூடாது. இன்னொன்று, முழங்காலைத் தொட்டால் ஒன்றும் இல்லாமல், நொண்டிக்கொண்டு, பாதம் வெளிப்பக்கம் திரும்பியபடி நடப்பது. இடுப்பு மூட்டின் வளர்ச்சித் தட்டு வழுகினால் நோவு முழங்காலில்தான் தெரியும். பருமனான பிள்ளைகளில் கூடுதல். அதற்கு அன்றைக்கே எக்ஸ்ரே வேண்டும், அதுவரை காலை ஊன்ற விடக் கூடாது.

மகளைப் பற்றி ஒரு வரிதான் கேட்டீர்கள். பெண்பிள்ளைகளுக்கு உச்ச வளர்ச்சி 12 வயதளவில், அதாவது அவள் இப்போதே அதன் வாசலில் நிற்கிறாள். ஒஸ்குட்-ஷ்லாட்டரும் பெண்பிள்ளைகளுக்குப் பையன்களைவிட ஓரிரு வருடம் முந்தியே வரும். ஆனால் அவளைப் பொறுத்து நான் கூடுதலாகக் கவனிப்பது வேறு. பையன்களுக்குப் பருவத்தோடு தசை பலம் தாவி ஏறுகிறது, பெண்பிள்ளைகளுக்கு உயரமும் எடையும் ஏறும் அளவுக்குப் பலம் ஏறுவதில்லை. பாய்ந்து இறங்கும்போது முழங்கால்கள் உட்பக்கம் சாயும் பழக்கம் அப்போது கூடுகிறது. வலைப்பந்தில் பந்தைப் பிடித்ததும் ஊன்றிய காலை எடுத்து வைக்க முடியாது, திடீரென்று நிற்க வேண்டும். முழங்காலுக்குள் எலும்பை எலும்போடு கட்டி வைத்திருக்கும் முன் சிலுவை இணையம், பிள்ளைகள் ஏ.சி.எல். என்று சொல்வது, கிழிவது பெரும்பாலும் அப்படியான இறக்கத்தில்தான். இதைத் தடுக்க முடியும் என்பதுதான் நல்ல செய்தி. நோர்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணிகளில், பயிற்சிக்கு முன் 20 நிமிடம் ஒற்றைக் கால் சமநிலை, பலப் பயிற்சி, மென்மையாக இறங்கப் பழகுதல் என்று செய்ததில் காயங்கள் மூன்றில் ஒரு பங்களவு குறைந்தன, 2008இல் வெளியானது. சுவீடனில் 12 முதல் 17 வயதினரிடம் கிழமைக்கு இரு முறை 15 நிமிடம் செய்ததில் ஏ.சி.எல். கிழிவு 64 வீதம் குறைந்தது; அது 2012. கருவி ஒன்றும் வேண்டாம், செலவும் இல்லை.

அப்புறம், தயவுசெய்து சாமத்திய வீட்டோடு அவளை மைதானத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள். உச்ச வளர்ச்சி வந்து ஏறத்தாழ ஒரு வருடத்தில்தான் பெரும்பாலானோர் வயதுக்கு வருகிறார்கள். எலும்பும் நாணும் மிக வேகமாகச் சேரும் காலம் அதுவேதான், எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளை வீட்டுக்குள் இருத்துவதும் அதே காலத்தில்தான். மகளின் அணிக்கு அந்த 15 நிமிடத்தைக் கற்பிக்க ஆசிரியை விரும்பினால் எழுதுங்கள், பயிற்சிகளை வரிசைப்படுத்தித் தருகிறேன். மகனும் ஐந்தாவது கிழமையிலிருந்து அதையே செய்யலாம், பாயும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு.